பொதுத் தோட்டத்தை ஃபெங் சுயி கண்ணோடு பார்ப்பது எப்படி? சூசோ, பெய்ஜிங் தோட்டங்களை முன்வைத்து ஒரு விவாத இழை

மூங்கில்நிழல் எழுதியது:

வணக்கம். வரும் வசந்தத்தில் சீனாவில் சூசோ, பெய்ஜிங் இரண்டு ஊர்களுக்கும் போகிறேன். பயணத்தின் நோக்கமே தோட்டங்கள்தான். இடத்தையும் திசையையும் பார்த்து அமைக்கும் சீன மரபான ஃபெங் சுயி தெரிந்த கண்ணோடு அவற்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் தேடிப் படித்ததில் கிடைத்ததெல்லாம் ஒரே மாதிரி: தென்கிழக்கு மூலை செல்வம், தென்மேற்கு மூலை இல்லறம், வடக்கு தொழில், இப்படி. தன் வீட்டை மாற்றி அமைக்க நினைப்பவருக்கு அது பயன்படலாம். பொதுத் தோட்டத்தில் ஒரு கல்லைக்கூட என்னால் நகர்த்த முடியாது. அதன் செல்வ மூலையில் எனக்குப் பங்கும் கிடையாது. உள்ளே போய் நடந்து, உட்கார்ந்து, திரும்பி வருகிற ஒருவருக்கு ஃபெங் சுயி என்ன கற்றுத் தரும்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

தென்திசை எழுதியது:

சரியான இடத்தில் கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஃபெங் சுயியில் பெரிய மரபுகள் இரண்டு. நிலத்தின் வடிவைப் படிப்பது ஒன்று. தாங் காலத்து யாங் யுன்சோங்கையும் ஜியாங்சி பகுதியையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். லுவோபான் என்ற திசைகாட்டியை வைத்து திசையையும் காலத்தையும் கணக்கிடுவது மற்றது. அது ஃபூஜியான் பக்கம் வேரூன்றியது. நீங்கள் படித்த மூலைக் கணக்கெல்லாம் இந்த இரண்டாவதிலிருந்து கிளைத்து, பின்னால் ரொம்பவும் சுருக்கப்பட்டவை. தோட்டம் பார்க்கப் போகிறவர் முதல் மரபைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். முதுகும் காதும் பாதமும் இருந்தால் போதும்.

அடிப்படை எளிது. உலகில் ஓடும் உயிராற்றலை ச்சி என்கிறார்கள். காற்று அடித்தால் ச்சி சிதறும், நீரைக் கண்டால் நிற்கும்: குவோ பு (276–324) பெயரில் வழங்கும் அடக்கநூலின் மையக் கருத்து இதுதான். அடக்கம் செய்யும் இடத்தைத் தேர்வதற்கு எழுதிய நூல் அது. வீடும் ஊரும் தோட்டமும் அதே கருத்தைப் பின்னால் எடுத்துக்கொண்டன. ஆகவே நல்ல இடம் என்றால் காற்று அலைக்கழிக்காத, நீர் அருகே இருக்கிற இடம். பின்னால் கருப்பு ஆமை என்ற உயரமான குன்று. தெற்கு நோக்கி நின்றால் இடப்பக்கம், அதாவது கிழக்கில், நீலநாகம். வலப்பக்கம், மேற்கில், சற்றே தாழ்ந்த வெண்புலி. முன்னால் செம்பறவையின் திசை, தாழ்வாகவும் திறந்தும் இருக்க வேண்டும். கைவைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டால் மொத்தமும் புரிந்துவிடும். முன்னால் இருக்கும் அந்தத் திறந்த வெளிக்கு மிங்தாங் என்று பெயர். ச்சி வந்து தங்கும் முற்றம் அது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் எங்காவது நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பக்கங்களில் அணைப்பு இருக்கிறதா? முன்னால் எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது? இந்த மூன்றையும் கேட்டாலே தோட்டம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

பெய்ஜிங்கில் கோடை அரண்மனைக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். வடக்கில் நீடுவாழ்வுக் குன்று, சுமார் 60 மீட்டர் உயரம். தெற்கில் குன்மிங் ஏரி. பூங்காவின் பரப்பில் முக்கால் பங்கு நீர்தான். சியான்லாங் பேரரசர் 1750-இல் தன் தாயாரின் அறுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு இதைத் தொடங்கினார். ஏரியை அகலப்படுத்தத் தோண்டிய மண்ணைக் குன்றின் மேலேயே கொட்டி அதன் வடிவைச் சீராக்கினார்கள். குன்றின் அடிவாரத்தில் கரையை ஒட்டி 728 மீட்டர் நீளத்துக்கு நெடுந்தாழ்வாரம் ஓடுகிறது. அதில் நடப்பவருக்கு ஒரு பக்கம் குன்று காவல், மறுபக்கம் ஏரி வெளிச்சம். வடகாற்று உங்களைத் தொடாது, தெற்கு வெயில் தொடும். இந்தச் சாத்திரம் என்ன பேசுகிறது என்று தோலுக்கே தெரியும் இடம் அது.

சாம்பல்நாரை எழுதியது:

தென்திசை அழகாகச் சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ச்சி என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் எல்லாம் அப்படியேதான் நிற்கும். வடசீனத்தில் குளிர்காலக் காற்று வடமேற்கிலிருந்து வருகிறது, கோடைக் காற்று தென்கிழக்கிலிருந்து. குன்று வடக்கில் இருந்தால் கதகதப்பு, தெற்கு திறந்திருந்தால் குளுமை. முதுகுக்கு மறைவும் கண்ணுக்கு வெளியும் உள்ள இடத்தை மனிதர் விரும்புகிறார்கள் என்று ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1975-இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். அவருக்கு நாகமும் புலியும் தேவைப்படவில்லை.

இரண்டாவது கேள்வி எனக்கு இதைவிட முக்கியம். சீனத் தோட்டக்கலைஞர்களே ஃபெங் சுயியை எவ்வளவு பின்பற்றினார்கள்? மிங் காலத்து ஜி செங் எழுதி 1634-இல் அச்சான யுவான்யேதான் தோட்டம் அமைப்பதைப் பற்றிய அவர்களது முதன்மை நூல். இடத் தேர்வு பற்றிப் பேசத் தொடங்கும்போதே, தோட்டத்துக்கு மனை இந்தத் திசையில்தான் அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நிலத்தின் மேடு பள்ளம் அதற்கே உண்டு என்கிறார். திசைகாட்டிக்காரர் யாரும் இப்படித் தொடங்கமாட்டார்.

திசைக் கணக்கை முழுதாக நம்பிக் கட்டிய தோட்டம் ஒன்றும் வரலாற்றில் உண்டு. சோங் பேரரசர் ஹுய்சோங்குக்கு ஆண் வாரிசு குறைவு என்ற கவலை. தலைநகரின் வடகிழக்கு தாழ்ந்திருக்கிறது, அதை உயர்த்தினால் பிள்ளைகள் பிறப்பார்கள் என்று தாவோ துறவி லியு ஹுன்காங் யோசனை சொன்னார். உயர்த்தினார்கள், பிள்ளைகளும் பிறந்தன. அந்த நம்பிக்கையில் 1117-இல் கென்யுவே என்ற மாபெரும் செயற்கை மலைத் தோட்டத்தைத் தொடங்கி 1122-இல் முடித்தார். தென்சீனத்திலிருந்து விசித்திரக் கற்களும் மரங்களும் படகு படகாக வந்தன. அவற்றைக் கொண்டுவருவதற்காக மக்களை வாட்டிய கொடுமை 1120-இல் ஃபாங் லா கலகத்துக்கு ஒரு காரணமானது. 1127-க்குள் தலைநகர், வடக்கிலிருந்து வந்த ஜின் அரசின் படையிடம் விழுந்தது. முற்றுகையின்போது அந்த மரங்கள் விறகாயின, கற்கள் கவண் குண்டுகளாயின. பேரரசர் சிறைப்பட்டு வடக்கே கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தார். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் சூசோ தோட்டக் கற்களை ஒருவர் முழுமையாகப் பார்க்கிறார் என்பேன்.

கூழாங்கல் எழுதியது:

நிலத்தோட்ட வடிவமைப்பு என் தொழில். சூசோ தோட்டங்களை அளந்தும் வரைந்தும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சில விஷயங்கள் சொல்கிறேன்.

ஜி செங் பற்றி சாம்பல்நாரை சொன்னது உண்மை. அதே நூலில், மனை அமைக்கும்போது கூடத்தை முதலில் தீர்மானி, காட்சி கிடைக்கிறதா என்று பார், தெற்கு நோக்கினால் சிறப்பு என்றும் இருக்கிறது. அதாவது காட்சிக்கு முதலிடம், திசைக்கு அடுத்த இடம். சூசோவில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு சுவோசெங் யுவான் சான்று. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பதவியைவிட்டு வந்த வாங் சியான்சென் என்ற அதிகாரி தாழ்வான ஈர நிலத்தில் அமைத்த தோட்டம் அது. இன்று சுமார் 5.2 ஹெக்டேர். அதன் தலைமைக் கூடமான யுவான்சியாங் தாங், குளத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே நின்று வடக்கே பார்த்தால் நீர், நீருக்கு அப்பால் தீவுக் குன்றுகள். பாடப் புத்தகப்படி பார்த்தால் தலைகீழ்! சூசோவின் இன்னொரு தோட்டமான லியு யுவானிலும் முக்கிய மண்டபம் தெற்குக் கரையில்தான், குன்று வடக்கிலும் மேற்கிலும்.

ஏன் அப்படி? தெற்கிலிருந்து வடக்கே பார்த்தால் குன்றின் வெயில் படும் முகம் தெரியும். வடக்கிலிருந்து தெற்கே பார்த்தால் நிழல் முகம்தான் கிடைக்கும். கற்களின் துளையும் மடிப்பும் வெளிச்சத்தில்தான் எழும். இன்னொன்றையும் கவனியுங்கள். குன்றின் பக்கம் இருந்து கணக்கிட்டால் எதுவும் தலைகீழ் இல்லை: பின்னால் வடக்கு, முன்னால் நீர், அதற்கு முன்னால் திறந்த வெளி. கருப்பு ஆமையின் ஆசனத்தைக் குன்றுக்குக் கொடுத்துவிட்டு மனிதர் அதன் மிங்தாங்கில் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அரண்மனையில் பேரரசர் உட்காரும் இடத்தில் இங்கே மலை உட்கார்ந்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். பதவியை விட்டு வந்தவர் கட்டிய தோட்டம் இது என்பதால் இந்த வாசிப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம், நீரின் வாலை மறைக்கும் வித்தை. நீர் வருவது தெரியலாம், போவது தெரியக்கூடாது என்பது ஃபெங் சுயி விதி. சுவோசெங் யுவானில் தென்மேற்குப் பக்கம் குளம் குறுகி ஒரு கூரைப்பாலத்துக்கு அடியில் நுழைகிறது. அதற்கு அப்பால் நீரின் மேலேயே ஒரு சிறு மண்டபம் குறுக்கே நிற்கிறது. நீர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ச்சி வடிந்துபோகாமல் இருக்க என்று ஒருவர் சொல்லலாம், குளம் பெரிதாகத் தெரிய என்று இன்னொருவர் சொல்லலாம். கட்டியவருக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சுடர்விழி எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. நுழைவாயிலை வைத்து எட்டுப் பகுதி வரைபடத்தைத் தோட்டத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நூலில் படித்தேன். சூசோவில் அது பொருந்துமா?

தென்திசை எழுதியது:

பொருந்தாது, சுடர்விழி. அந்த வரைபடத்தின் எட்டுப் பகுதிகளுக்கும் உரிய எட்டு முக்கோடுகள் (மும்மூன்று கோடுகளால் ஆன குறிகள்) பழையவைதான். ஆனால் திசையை விட்டுவிட்டு வாயிலை அடிப்படையாக வைத்து வரைபடத்தைப் போடும் முறை லின் யுன் அமெரிக்காவில் பரப்பிய கருப்புத்தொப்பி மரபினுடையது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. சூசோத் தோட்டங்களைக் கட்டியவர்கள் அதை அறியார். தவிர அந்தத் தோட்டங்களின் வெளிக்கோடு கட்டம் கட்டமாக இருப்பதில்லை. வீதிக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடம் விட்டு வளைந்து நெளிந்து போகும். அதன்மேல் கட்டம் போட்டால் பாதி சுவருக்கு வெளியே விழும்.

சாம்பல்நாரைக்கு: ச்சியை எடுத்துவிட்டாலும் எல்லாம் நிற்கும் என்றீர்கள். காற்று, வெயில், மறைவு எல்லாம் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றைத் தனித்தனியாகக் கணக்கெடுக்க வேண்டியிருக்கும். ச்சி என்று நினைத்துக்கொண்டு நடப்பவர் அவற்றை ஒன்றாக, ஓட்டமாக உணர்கிறார். இங்கே விரைகிறது, இங்கே தேங்குகிறது, இங்கே தடைபடுகிறது என்று உடம்பு சொல்கிறது. வளைவுப் பாலத்தில் கால் தானாக மெதுவாகிறது அல்லவா, அதை உங்கள் கணக்கில் எந்த வரிசையில் எழுதுவீர்கள்? நேர்கோட்டில் ச்சி அம்பாகப் பாய்ந்து கெடுக்கும், வளைத்தால் மென்மையாகும் என்ற விதியை நான் அங்கேதான் காலால் புரிந்துகொண்டேன். கென்யுவே பற்றிச் சொன்னதற்கு நன்றி. அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மக்களை வாட்டிக் கொண்டுவந்த கல்லில் நல்ல ச்சி எப்படித் தங்கும்?

வரைபடக்காரன் எழுதியது:

திசை பற்றிய பேச்சில் ஒன்றைச் சேர்க்கிறேன். 1988-இல் சிட்னியில் திறந்த சீன நட்புறவுத் தோட்டம் தென்கோளத்தில் இருக்கிறது. அங்கே சூரியன் வடக்கு வானில் போகிறது, குளிர்காற்று தெற்கிலிருந்து வருகிறது. தெற்கு நோக்கினால் சிறப்பு என்ற விதியைத் திருப்பிப் போடுவதா வேண்டாமா என்று ஃபெங் சுயி ஆசிரியர்களுக்குள்ளேயே இன்றுவரை பிளவு. திசைகாட்டி மரபில் அதை மாற்றக்கூடாது என்பவர் உண்டு, மாற்றியே ஆக வேண்டும் என்பவரும் உண்டு. நிலவடிவ மரபுக்காரருக்கு இந்தச் சிக்கலே எழாது. வெயில் எங்கே, காற்று எங்கே என்று நின்று பார்த்துச் சொல்லிவிடுவார். தென்திசை முதலில் சொன்னதற்கு இதைவிட நல்ல ஆதரவு இல்லை.

சாம்பல்நாரை எழுதியது:

காலால் புரிந்துகொண்டேன் என்பதை ஏற்கிறேன். அந்த அனுபவம் உண்மை. நான் எச்சரிப்பது பலன் சொல்லும் பகுதியைத்தான். பெய்ஜிங்கில் ஜிங்ஷான் பூங்காவுக்குப் போவீர்கள், மூங்கில்நிழல். அகழி தோண்டிய மண்ணைக் குவித்து, அரண்மனை நகரத்துக்கு நேர் வடக்கே மிங் காலத்தில் எழுப்பிய குன்று. சமதளத்தில் கருப்பு ஆமை இல்லையே என்று கையாலேயே செய்த ஆமை. உயரம் 45 மீட்டருக்குச் சற்று மேல். 1928-இலிருந்து பொதுப் பூங்கா. மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் சோங்சென் 1644-இல், கலகப்படை நகருக்குள் வந்தபோது, அந்தக் குன்றின் சரிவில்தான் தூக்கிட்டு இறந்தார். வம்சத்தைக் காக்க எழுப்பிய குன்று அது. ஆகவே இடம் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள். எதிர்காலத்துக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள்.

ஆனாலும் ஏறிப் பாருங்கள். உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் நேர்கோட்டில் வரிசையாகப் போகும். ஒரு நகரம் முழுவதையும் ஒரு முதுகெலும்பில் கோர்த்திருப்பது அங்கேதான் தெரியும்.

மூங்கில்நிழல் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. கேள்வி கேட்டபோது இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது நடைமுறைக் கேள்வி. சூசோவில் எனக்கு நேரம் குறைவு. ஒரே ஒரு தோட்டத்தில் நிதானமாக இருந்து இதையெல்லாம் பழகிப் பார்க்க வேண்டும் என்றால் எது? உள்ளே போனதும் எங்கிருந்து தொடங்குவது?

தென்திசை எழுதியது:

வாங்ஷி யுவான். மீனவர் தோட்டம் என்று பொருள்படும் பெயர். வீட்டையும் சேர்த்தே சுமார் அரை ஹெக்டேர்தான். சிறியது என்பதால்தான் சொல்கிறேன். பெரிய தோட்டத்தில் கண் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே ஓட இடமில்லை.

முதலில் நடு முற்றத்துக் குளக்கரைக்குப் போய், எங்கும் உட்காராமல் ஒரு முறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். படம் எடுக்க வேண்டாம். எங்கே கால் தானாக நின்றது என்று மட்டும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் பின்னால் என்ன இருந்தது, எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று பிறகு பாருங்கள். பெரும்பாலும் நாற்காலி வடிவம் அங்கே ஏதோ ஒரு வகையில் இருக்கும். சுவராக இருக்கலாம், ஒரு பழைய மரமாக இருக்கலாம், மேல்கூரையின் விளிம்பாகக்கூட இருக்கலாம்.

அடுத்து நீர். தென்கிழக்கு மூலையில் யின்ஜிங் என்று ஒரு கல் வளைவுப் பாலம், சில எட்டில் கடந்துவிடலாம். அதன் அடியில் குளம் ஓடையாக ஒடுங்கி உள்ளே போகிறது. எதிர் மூலையில், வடமேற்கில், இன்னொரு ஒடுக்கம், அதன்மேல் மடங்கி மடங்கிப் போகும் தாழ்ந்த தட்டைப் பாலம். நீருக்கு ஓர் உள்வழியும் வெளிவழியும் இருப்பதாக இந்த இரண்டு மூலைகளும் நம்ப வைக்கின்றன. பாலத்தின் அளவு சிறியதாக இருப்பதால் குளம் பெரிதாகிறது.

மேற்குக் கரையில் நிலவும் தென்றலும் வரும் மண்டபம். அறுகோணம், நீரின் மேல் உயர்ந்து நிற்கும். அதில் உட்கார்ந்து கிழக்கே பாருங்கள். முதுகுக்கு சுவர், முன்னால் குளம், அதற்கப்பால் வீட்டின் வெள்ளைச் சுவர். மாலை நிலவு எழும் பக்கம் அதுதான். வலப்பக்கம், தெற்குக் கரையில், மஞ்சள் கல் அடுக்கிய குன்று. இடப்பக்கம் வடக்கில் பைன் மரங்கள். நான்கு திசையும் புத்தகத்தில் உள்ளபடி இல்லை. ஆனால் முதுகு, இரு கை, முன்வெளி எல்லாம் இருக்கின்றன. இதைத்தான் நிலவடிவ மரபு கேட்கிறது.

கூழாங்கல் எழுதியது:

தேர்வு எனக்கும் சம்மதம். கூட ஒன்று: வாயிலுக்கு அருகே என்ன நடக்கிறது என்பதைத் தவறவிட வேண்டாம். உள்ளே நுழைந்தவுடன் முழுக் காட்சியையும் கொடுத்துவிடுவது சூசோவில் குற்றம். சுவோசெங் யுவானின் மையப் பகுதிக்குப் போகும் பழைய வாயிலுக்குள் நுழைந்தால் எதிரே மஞ்சள் கல் குன்று ஒன்று மறித்து நிற்கும். லியு யுவானில் வீதியிலிருந்து இருண்ட, ஒடுங்கிய தாழ்வாரம் பலமுறை திரும்பிக் கொண்டுபோகும், பிறகு பலகணித் துளைகளில் தோட்டம் துண்டு துண்டாகத் தெரியும். வாயிலுக்கு நேரே ச்சி புகுந்து ஓடிவிடக்கூடாது என்பதற்காக வைக்கும் மறைசுவரின் வேலையைத்தான் இவை செய்கின்றன. வீதியின் இரைச்சலோடு வந்த மனம் அந்த இருட்டில் தணிந்துவிடும். கண்மணி விரிந்திருப்பதால் வெளியே வந்ததும் குளத்து வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரியும்.

சுடர்விழி எழுதியது:

வசந்தத்தில் மழை பெய்துவிட்டால் என்ன செய்வது?

கூழாங்கல் எழுதியது:

மழை வந்தால் திட்டத்தை மாற்றி சுவோசெங் யுவானுக்குப் போங்கள். அங்கே மழை கேட்பதற்கென்றே ஒரு முற்றம் உண்டு, டிங்யு சுவான். சன்னலுக்கு வெளியே வாழை, பக்கத்தில் சிறு குளம். அகலமான இலை, ஓடு, நீர் மூன்றிலும் துளி விழும் சத்தம் வேறு வேறு. தென்திசை காதைக் கருவி என்று சொன்னாரே, அதற்குப் பயிற்சி அங்கேதான். இலையுதிர் காலத்தில் போகிறவருக்கு அதே தோட்டத்தில் இன்னொரு மண்டபம் இருக்கிறது. வாடிய தாமரை இலைகளின் மேல் விழும் மழையைக் கேட்பதற்காக அதைக் கட்டினார்கள்.

தென்திசை எழுதியது:

ஆமாம், மழையில் கூட்டமும் குறையும். விடுமுறை நாள்களில் வளைவுப் பாலத்தில் நிற்கவே இடம் கிடைக்காது. அதனால் மே மாதத் தொடக்க விடுமுறையைத் தவிர்த்து, வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், மூங்கில்நிழல். கோடை அரண்மனைக்கு மட்டும் காற்றுள்ள நாளாகப் பாருங்கள். முதலில் குன்றின் வடசரிவில் நடந்துவிட்டு, பிறகு தெற்கே இறங்கி நெடுந்தாழ்வாரத்துக்கு வாருங்கள். குன்று என்ன வேலை செய்கிறது என்று அந்த வரிசையில்தான் தெரியும்.